பேசுவதற்கு எதற்குத் தனியாக ஒரு படிப்பு?

கேள்வி இதுதான்: "தம்பிக்கு 23 வயது. கை கழுவவும் குளிக்கவும் ஒரு நாளில் ஐந்து மணி நேரம் போகிறது. திண்டுக்கல்லில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். ஓ.சி.டி. என்று சொல்லி மாத்திரை எழுதினார். மதுரையில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டையும் பார்க்கச் சொன்னார். அம்மா, 'பேசுறதுக்கு எதுக்குத் தனியா ஒரு ஆளு? நாமதான் தினமும் பேசிக்கிட்டே இருக்கோமே' என்கிறார். அவர்கள் என்ன படித்தவர்கள்? உள்ளே என்ன செய்வார்கள்? எதை நம்பிப் பணம் கட்டுவது?"

நான் மதுரையில் 14 வருடமாகத் தனியாக அறை வைத்துப் பார்க்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். ஓ.சி.டி.தான் நான் அதிகம் பார்ப்பது. வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய் அது. அம்மா கேட்டதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிப் பேராவது வாசலிலேயே இதைக் கேட்பார்கள். பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அம்மா தினமும் தம்பியிடம் என்ன பேசுகிறார் என்று ஒரு நாள் கவனியுங்கள். "சுத்தமாத்தான்டா இருக்கு." "ஒன்னும் ஒட்டல, நான் பாத்தேன்." "ஒன்னும் ஆகாது, வந்து சாப்பிடு." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இந்த நோய் வளர்வது அந்த வார்த்தைகளைத் தின்றுதான். ஒவ்வொரு முறை "ஒன்னும் ஆகாது" என்று கேட்கும்போதும் தம்பிக்குப் பத்து நிமிடம் நிம்மதி கிடைக்கும். அதன்பின் சந்தேகம் திரும்ப வரும், முன்பைவிட அழுத்தமாக.

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். எம்.ஃபில். முதல் வருடத்தில் வார்டில் ஒரு இளம் தாயை என்னிடம் ஒப்படைத்தார்கள். (இங்கே சொல்கிற எல்லாரைப் பற்றியும் அடையாளங்களை மாற்றி, பலருடையதைக் கலந்துதான் எழுதுகிறேன்.) பெற்ற குழந்தையைத் தானே ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் அவரை விடாமல் துரத்தியது. அரிவாள்மனையைப் பார்த்தால் அடுப்படியை விட்டு ஓடிவிடுவார். "நான் அப்படிச் செய்ய மாட்டேன்ல மேடம்?" என்பார். "மாட்டீங்கம்மா" என்பேன். முகம் தெளியும். கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் காத்து நின்று அதையே கேட்பார். இரண்டு வாரத்தில் நாளுக்கு ஐந்து முறை கேட்டவர் முப்பது முறை கேட்கத் தொடங்கிவிட்டார். நான் நன்றாகச் செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். என் சூப்பர்வைசர் ஃபைலைப் படித்துவிட்டு, "அவங்க முகம் வாடினா உனக்குத் தாங்கல. அதுக்குத்தான் பதில் சொல்றே" என்றார். அடுத்த நாள் அந்தப் பெண் கேட்டபோது, பதில் சொல்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அவர் அழுதார். எனக்குக் கை நடுங்கியது. ஏறக்குறைய நாற்பது நிமிடம் கழித்து அழுகை தானாக அடங்கியது, நான் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லாமலேயே. அவர் குணமாகத் தொடங்கியது அந்த நாற்பது நிமிடத்தில்தான்.

அந்தப் படிப்பு இதற்காகத்தான். சைக்காலஜியில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. முடித்தபின் இரண்டு வருடம் முழுநேரமாகப் படிப்பது கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில். பெயரைப் பார்த்து நூலகத்தில் உட்கார்ந்து செய்யும் ஆராய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் புறநோயாளிப் பிரிவு, பிறகு வார்டு, குழந்தைகள் பிரிவு, போதை மீட்பு என்று சுற்றிச் சுற்றி வேலை. பெங்களூருவில் உள்ள நிமான்ஸ் என்ற மனநல நிறுவனத்துக்கு முன்னோடியான அகில இந்திய மனநல நிறுவனத்தில் 1955இல் டிப்ளமோவாகத் தொடங்கிய பயிற்சியின் தொடர்ச்சி இது. நோயாளியோடு பேசியதை எழுதி, மூத்தவர் முன்னால் வைத்து, "இங்கே ஏன் இதைக் கேட்டாய்? இங்கே ஏன் விட்டாய்?" என்று வரி வரியாகப் பதில் சொல்ல வேண்டும். பாடத்திட்டத்தில் எனக்கு அதிகம் உதவியது எது என்றால் இதைத்தான் சொல்வேன். இன்றும் மாதத்தில் இரண்டு முறை, என்னைவிட மூத்த ஒருவரிடம் என் கேஸ்களைப் பெயர் சொல்லாமல் எடுத்துப் போகிறேன். தனியாகப் பார்ப்பவருக்குத் தவறைச் சுட்டிக்காட்ட பக்கத்தில் ஆள் இருக்காது. அந்த ஆளை நாமே தேடி வைத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் மருத்துவர்கள் இல்லை. மாத்திரை எழுத எங்களுக்கு அதிகாரம் கிடையாது. பெயருக்கு முன் "டாக்டர்" இருந்தால் அது பெரும்பாலும் பிஎச்.டி. பட்டம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து அதன்மேல் மனநலம் படித்தவர். தம்பிக்கு இரண்டு பேரும் தேவைப்படலாம். ஓ.சி.டி.க்குத் தரும் மாத்திரைகள் முழுப் பலனைக் காட்டப் பத்து, பன்னிரண்டு வாரம் ஆகும். மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிட அதிக அளவும் தேவைப்படுவதுண்டு. மூன்றாவது வாரத்தில் "ஒன்னும் கேக்கல" என்று நிறுத்திவிடாதீர்கள். எதை மாற்றுவதானாலும் எழுதிக் கொடுத்தவரைக் கேட்டே மாற்றுங்கள்.

தகுதியைச் சரிபார்க்கும் வழி எளிது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக்கு எண் உண்டு, அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். எண்ணைக் கேளுங்கள், கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போக வேண்டாம். பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டிப்புக் கொடுத்தது. இனி வருகிறவர்கள் வேறு பெயர் கொண்ட பட்டம் வைத்திருப்பார்கள், பதிவு எண் மட்டும் அவர்களுக்கும் இருக்க வேண்டும். ஆறு மாத டிப்ளமோ முடித்துவிட்டு "சைக்காலஜிஸ்ட்" என்று பலகை வைப்பவர்களும் ஊரில் இருக்கிறார்கள். நல்ல கவுன்சலர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். தேர்வு பயத்துக்கும் குடும்பச் சண்டைக்கும் நானே அவர்களிடம் அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஐந்து மணி நேரம் கழுவுகிற ஓ.சி.டி.க்கு அதற்கான பயிற்சி எடுத்தவர்தான் வேண்டும்.

சரி, உள்ளே என்ன நடக்கும்?

முதல் அமர்வு என் அறையில் ஒன்றரை மணி நேரம். அறிவுரை எதுவும் சொல்ல மாட்டேன். கேட்பேன். காலையில் எழுந்து படுக்கப் போகும்வரை நேற்று என்னென்ன செய்தீர்கள், எதைத் தொட்டீர்கள், எதைத் தொடாமல் தவிர்த்தீர்கள் என்று. தூக்கம், பசி, வேலை, நண்பர்கள் பற்றி. "உயிரோட இருக்க வேணாம்னு தோணியிருக்கா?" என்றும் நேராகக் கேட்பேன். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று வீட்டார் பயப்படுவார்கள். அப்படி வருவதில்லை. இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே என்றுதான் பலர் அழுதிருக்கிறார்கள். ஓ.சி.டி.யின் கடுமையை அளக்க யேல்-பிரவுன் அளவுகோல் என்று ஒன்று உண்டு. பத்துக் கேள்வி, மொத்தம் 40 மதிப்பெண். முதல் நாள் எண்ணைக் குறித்து வைத்தால்தான் மூன்று மாதம் கழித்து முன்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும்.

நான் அதிக நேரம் செலவிடும் இடம் ஒன்று உண்டு. தம்பி "சுத்தமில்ல" என்று சொல்லும்போது எதைச் சொல்கிறார்? ஒருவருக்கு அது அழுக்கு, கிருமி, நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். இன்னொருவருக்கு அது தீட்டு. கிருமியைப் பற்றி அவருக்குக் கவலையே இருக்காது. சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் கடந்து போனாலே போதும், தலையோடு குளித்தாக வேண்டும். மூன்றாமவருக்கு இரண்டும் இல்லை. "கழுவிட்டேன், சுத்தமாத்தான் இருக்கு, ஆனா திருப்தியா இல்ல" என்பார். இந்தத் "திருப்தியா இல்ல" என்ற சொல்லை நான் காது கொடுத்துக் கேட்பேன். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று பேரும் ஒரே குழாயடியில் ஒரே சோப்பைத் தேய்க்கிறார்கள். ஆனால் முதலாமவர் எதிர்கொள்ள வேண்டியது நோய் வரும் என்ற பயத்தை, இரண்டாமவர் தெய்வக் குற்றம் என்ற பயத்தை, மூன்றாமவர் முழுமையாகாத அந்த உறுத்தலை. இதைப் பிரித்துப் பார்க்காமல் சிகிச்சை தொடங்கியவர்கள், "பாத்தோம், பலிக்கல" என்று வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்ததாக ஒரு ஏணி தயாரிப்போம். ஒவ்வொரு செயலுக்கும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை பயத்தின் அளவைத் தம்பியே எழுதுவார். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருப்பது 30. பஸ் கம்பியைப் பிடித்துவிட்டுக் கழுவாமல் இருப்பது 55. அந்தக் கையால் தன் தலையணையைத் தொடுவது 80. கீழ்ப்படியில் தொடங்குவோம். முதலில் நான் தொடுவேன், பிறகு அவர். தொட்டபின் கழுவுவதில்லை, துடைப்பதில்லை, "ஒன்னும் ஆகாதுல்ல?" என்று கேட்பதில்லை, கேட்டாலும் நான் பதில் சொல்வதில்லை. பயம் ஏறும். உடல் வியர்க்கும். கழுவாமல் இருந்தால் அது உச்சம் தொட்டுத் தானாக இறங்கும். பயம் இறங்க மெதுவாக இருந்தாலும், பயந்தது நடக்கவில்லை என்பதையாவது மனம் தெரிந்துகொள்ளும். கழுவிவிட்டால் அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பே போய்விடுகிறது. கழுவியதால்தான் தப்பித்தோம் என்று மூளை கணக்கு எழுதிக்கொள்ளும். பயப்படுவதை எதிர்கொண்டு, கழுவுவது போன்ற பதில் செயலைச் செய்யாமல் இருக்கும் இந்த முறையைத் தொழிலில் ஈ.ஆர்.பி. என்போம். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும், சி.பி.டி. என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் சிகிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. எந்தப் படியையும் கட்டாயப்படுத்தி ஏற்ற மாட்டேன். அவர் சம்மதிக்காத படிக்கு முன்னாலேயே அன்று நிறுத்திக்கொள்வோம், தேவைப்பட்டால் அந்தப் படியை இரண்டாக உடைப்போம்.

1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற சைக்காலஜிஸ்ட் இந்த முறையில் இரண்டு பேருக்குச் சிகிச்சை செய்ததை எழுதினார். அதற்கு முன் ஓ.சி.டி. என்றால் மாறாத நோய் என்றுதான் பெரும்பாலோர் எண்ணினார்கள். அந்த இருவரில் ஒருவருக்கு அழுக்குப் பயம். மற்றவருக்குத் தெய்வத்தைப் பற்றித் தகாத எண்ணங்கள். இரண்டாவதை நான் இங்கே வாராவாரம் பார்க்கிறேன். சாமி சன்னதியில் கைகூப்பும்போது கெட்ட வார்த்தை மனதில் ஓடுகிறது என்று பல வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, என்னிடம் சொல்லும்போது தலை நிமிராமல் இருப்பவர்கள். அவர்களிடம் நான் இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய சைக்காலஜிஸ்ட் பத்மல் டி சில்வாவைப் பற்றிச் சொல்வேன். அவரும் ஸ்டான்லி ராக்மனும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், எந்த நோயும் இல்லாதவர்களிலேயே பத்தில் எட்டுப் பேருக்கு இப்படி வேண்டாத எண்ணங்கள் வந்துபோகின்றன என்று கண்டார்கள். எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. அதை என்ன செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். மற்றவர்கள் "ச்சீ" என்று விட்டுவிட்டு நடக்கிறார்கள். ஓ.சி.டி. உள்ளவர் பிராகாரத்தைத் திரும்ப ஒன்பது முறை சுற்றுகிறார். இதைக் கேட்டுவிட்டு முதல் முறையாக நிமிர்ந்து பார்ப்பவர்களை மறக்கவே முடியாது.

தீட்டு, ஆசாரம் பற்றி ஒன்று. நம்பிக்கையை விடச் சொல்ல நான் அங்கே உட்காரவில்லை. "உங்க வீட்டுலேயே ரொம்ப ஆசாரமானவங்க யாரு?" என்று கேட்பேன். ஆச்சி என்பார்கள். "ஆச்சி சாவு வீட்டுக்குப் போய்வந்தா எத்தனை தடவ குளிப்பாங்க?" ஒரு தடவை. அந்த ஒரு தடவைதான் எங்கள் அளவு. அதற்குமேல் உள்ள பதினொரு தடவையும் நோயின் கணக்கில் சேர்ந்தது. கோயிலுக்குக் கூட்டிப்போவதையும் நான் தடுப்பதில்லை. தமிழ்நாட்டின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய, கடுமையான மனநோய் உள்ள 31 பேரை நிமான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்து, அறிகுறிகள் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன என்று 2002இல் எழுதினார்கள். அன்பான, அடித்துத் துன்புறுத்தாத இடத்துக்கு அந்த வலிமை உண்டு. என் வேண்டுகோள், கோயிலுக்குப் போகும்போது மாத்திரையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்பது மட்டும்தான். சங்கிலி போடும் இடம் எதுவானாலும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் விடுதி ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் தீயில் இறந்தவர்களை நம் மாநிலம் மறக்கக் கூடாது.

அம்மாவை நான் இரண்டாவது அல்லது மூன்றாவது அமர்வில் கூப்பிடுவேன். இந்த நோயில் வீட்டாருக்குத் தெரியாமலே அவர்களும் பங்காளியாகிவிடுகிறார்கள். தம்பிக்காகக் குழாயைத் திறந்துவிடுவது, துணியை இரண்டாம் முறை அலசுவது, வெளியே போய்வந்த அப்பாவை வாசலிலேயே குளிக்கச் சொல்வது, எல்லாமே. இதைத் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தச் சொல்ல மாட்டேன். தண்ணீர் மோட்டாரை அணைத்துவிட்டு "இப்பக் கழுவுறா பாப்போம்" என்று நிற்கும் அப்பாக்கள் உண்டு. அது சிகிச்சை இல்லை, பையனுக்கு அது சித்திரவதை. தம்பியின் சம்மதத்தோடு ஒவ்வொன்றாக விடுவிப்போம். "சுத்தமா இருக்காம்மா?" என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்வோம். பெரும்பாலும் இப்படி அமையும்: "இது ஓ.சி.டி. கேக்குதுப்பா. கஷ்டமாத்தான் இருக்கும். நான் கூடவே இருக்கேன்." அம்மாக்களுக்கு இது சிரமம். பிள்ளை தவிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்ன பாடு என்று அந்த வார்டில் உட்கார்ந்த எனக்குத் தெரியும். அதனால் அம்மாவுக்கும் தனியாக நேரம் ஒதுக்குவேன்.

உங்களுக்கும் ஒன்று. தம்பி வயது வந்தவர். அவர் உள்ளே சொல்வதை உங்களிடம் நான் சொல்ல முடியாது, நீங்கள்தான் பணம் கட்டினாலும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்தை அவருடைய உரிமையாக்கியிருக்கிறது. அவர் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் நான் பேசுவேன், அதையும் முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுவேன். "உள்ளே என்ன சொன்னான்?" என்று இரவு போன் செய்யும் உறவினர்களுக்கு, "அவரையே கேளுங்கள்" என்பதுதான் என் பதில். என் அறைக்கு வருபவர்கள் மாடிப்படியில் ஒருவரை ஒருவர் பார்க்காதபடி இரண்டு அமர்வுக்கு நடுவே இருபது நிமிடம் இடைவெளி விடுவதும் இதனால்தான். பெண் பார்க்கும் பேச்சு நடக்கும் வீடுகளில் இந்தப் பயம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். அதோடு, "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சரியாகாது. இந்தக் கழுவும் வேலையில் சேர்த்துக்கொள்ள வீட்டுக்கு இன்னொரு ஆள் வருவார், அவ்வளவுதான் நடக்கும்.

பணம், காலம். வாரம் ஒரு முறை, 50 நிமிடம், 12 முதல் 20 அமர்வு வரை என்று பொதுவாகத் திட்டமிடுவேன். என் கட்டணம் அமர்வுக்கு 1,200 ரூபாய். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் இது மாறும். வேலையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கும், தினமும் ஒரு மணி நேரப் பயிற்சி. அதைச் செய்யாமல் என் அறைக்கு மட்டும் வந்துபோனால் பணம் வீண், அதை நானே சொல்லி இடைவெளி விடச் சொல்வேன். அளவுகோலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் சிகிச்சை பலிக்கிறது என்று கொள்வோம். முழுதாக மறைந்துவிடும் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுத்ததில்லை. மூன்றே அமர்வில் ஹிப்னாடிசத்தில் வேரோடு எடுத்துவிடுவேன் என்பவர், மாத்திரையை இன்றே நிறுத்து என்பவர், பல மாதக் கட்டணத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கேட்பவர், இவர்களிடம் போக வேண்டாம். தனியாரிடம் கட்ட முடியாவிட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. இடையில் எப்போதாவது தம்பி சாவதைப் பற்றிப் பேசினால் அமர்வுத் தேதிவரை பொறுக்காதீர்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

முதல் நாள் வரும்போது மாத்திரைச் சீட்டு, பழைய ரிப்போர்ட்டுகள், நேற்று ஒரு நாளில் கழுவியது எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்று தம்பியே எழுதிய ஒரு தாள், இவை போதும். அவர் எழுதத் தயங்கினால் நீங்கள் எழுதித் தர வேண்டாம், வெறுங்கையோடு வரட்டும். பஸ்ஸில் வர முடியவில்லை என்றால் முதல் இரண்டு அமர்வை வீடியோ அழைப்பில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள். நான் அப்படித்தான் தொடங்குவேன், அவர்கள் வீட்டுக் குளியலறைக் கதவு திரையில் தெரிகிறபடி போனை வைக்கச் சொல்லி.